ஏழாவது குடம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். குறையுள்ள பொருளை வெளியே விடக்கூடாது என்பதுதான் என் வேலை. செய்தவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ஆனால் என் பொருளிலேயே ஒருவர் குறை சொன்னபோது தாங்க முடியவில்லை. பெங்களூரில் நடக்கும் கணினி விளையாட்டு விழாவுக்கு நாங்கள் அனுப்பியதைப் போன வருஷம் ஒற்றை வரியோடு திருப்பி விட்டார்கள். 'அழகாக இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே விளையாடிய மாதிரி இருக்கிறது.' அந்த வரியை ஒரு வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை.

விளையாட்டின் பெயர் 'குடத்துக்காரி'. செய்தது நானும் பவ்யாவும் மட்டும். பவ்யா கல்பாத்திக்காரி, கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை. அவள் படம் வரைவாள், நான் நிரல் எழுதுவேன். தண்ணீர் நின்றுபோன ஓர் எஸ்டேட்டில், இடுப்பில் குடமும் கையில் செடி வெட்டும் கவாத்துக் கத்தியுமாக ஒருத்தி மலைக்கு அடியிலுள்ள மூன்று சுரங்கங்களில் இறங்கித் தண்ணீரைத் தேடுகிறாள். சுரங்கத்துக்குச் சுரங்கம் புதிர்கள், பூட்டிய கதவுகள், சண்டைக்கு ஆட்கள். கதை அவ்வளவுதான்.

இந்த வருஷம் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எடுத்து, அதில் மூன்று மாதம் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் முழு விளையாட்டையும் முடிக்க ஒரு வருஷம் அவர்கள் கை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் நான் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், குடத்துக்காரியை மூட்டை கட்டிவிட வேண்டும். பவ்யா அப்படித்தான் பேசி வைத்திருந்தாள். நானும் தலையை ஆட்டினேன். மனசு ஆடவில்லை.

கடைசி வாரம் சொந்த ஊரான சாந்தன்பாறைக்கு வந்தேன். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அண்ணனும் மைனி முருகேஸ்வரியும் இருக்கிறார்கள். அம்மா சுருளியம்மாள் இறந்துபோன இந்த இரண்டு வருஷத்தில் நான் அங்கே மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. இந்தத் தடவை ஒரு காரியத்துக்காக வந்தேன். நான் வாயைத் திறக்காமல் இருக்க, இந்த விளையாட்டை முன்பின் பார்க்காத ஒருவர் மூன்று சுரங்கத்தையும் முடிக்க வேண்டும். சோதனையில் தேறாத பொருளை அனுப்பிப் பழக்கமில்லை எனக்கு.

புதன்கிழமை பேய்மழை. தோட்டத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மைனியைப் பிடித்து மடிக்கணினி முன்னால் உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். ஏலக்காய் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரல்களால் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"எதை அமுக்கணும்?"

"நான் சொல்ல மாட்டேன் மைனி. நீங்களே கண்டுபிடிங்க."

"வெளங்கும்," என்றாள்.

முதல் சுரங்கத்தில் பதினொரு தடவை செத்தாள். பன்னிரண்டாவது தடவை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் ஒரே மூச்சில் முடித்தாள். இரண்டாவது சுரங்கத்தின் முடிவில் வீட்டளவு பெரிய அட்டைப்பூச்சி ஒன்று உண்டு. கஞ்சிக்கோட்டு நண்பர்கள் எல்லாரும் அரை மணி நேரம் கத்தியால் வெட்டிச் சலித்த இடம் அது. மைனி அதைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள்.

"அட்டையப் போயி எவளாவது வெட்டுவாளாட்டி? உப்பு எங்க வச்சிருக்க?"

முதல் அறையிலேயே உப்புச் சாக்கு இருந்தது. அதுதான் சரியான விடை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது சுரங்கத்தில் எல்லாம் கெட்டது. நுழைந்ததும் ஒரு லயம், வரிசையாக ஏழு வீட்டுக் கதவுகள். எல்லாம் பவ்யா அழகுக்காக வரைந்தவை. அதைத் தாண்டினால் ஒரு வறண்ட குழாய், அதன் முன்னால் ஏழு குடங்கள், பக்கத்தில் மூன்று சதுரக் கற்கள். ஏதாவது மூன்று குடத்தைத் தள்ளி அந்தக் கற்களின்மேல் வைத்தால் பெரிய கதவு திறக்கும். முன்பு விளையாடிப் பார்த்த கோயம்புத்தூர்ப் பையன்கள் இதை நாலு நிமிஷத்தில் முடித்தார்கள்.

மைனி குடங்களைப் பார்த்தாள். தன் இடுப்புக் குடத்தை இறக்கி வரிசையின் கடைசியில், எட்டாவதாக வைத்தாள். கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. அவள் எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்தாள். திரையில் குடத்துக்காரி அப்படியே நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மைனி, என்னதான் பண்ணுறீங்க? குடத்தைத் தள்ளுங்களேன்."

என் விதியை நானே உடைத்துவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாரு குடத்த?"

"யாரு குடமாவது. படம்தானே."

"துணி கட்டியிருக்கு, நசுங்கல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் போட்டு வச்சிருக்க. அப்ப ஆளு இருக்குன்னுதான அர்த்தம்? ஆளு வந்து நிக்க முடியாமத்தான் குடத்த வச்சிட்டுப் போயிருக்கா. அவ இல்லாத நேரம் பாத்துத் தள்ளச் சொல்லுத. தண்ணி வரட்டும், என் முறை வரும்போது பிடிச்சுக்கிடுதேன்."

எனக்கு முகம் சுட்டது. பதினேழு வயசுவரை நான் நின்ற வரிசை அது. பத்தாவது படிக்கும்போது, சிவப்புத் துணி கட்டிய எங்கள் அம்மா குடத்தை ஒருத்தி பின்னால் நகர்த்திவிட்டாள் என்று அவள் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அந்த நான்தான், குடத்தைத் தள்ளினால் கதவு திறக்கும் என்று எழுதி வைத்திருந்தேன். மற்ற விளையாட்டுகளில் பானை இருந்தால் உடைப்பார்கள், பெட்டி இருந்தால் தள்ளுவார்கள். அதைப் பார்த்து நானும் எழுதிவிட்டேன். பெங்களூர்க்காரன் சொன்னது சரிதான். வெட்கமாக இருந்தது.

உடனே பவ்யாவைக் கூப்பிட்டேன். "மூணாவது சுரங்கத்தை மாத்தறேன்."

"ஏண்டி, நோக்குப் பைத்தியமா? வெள்ளிக்கிழமை அனுப்பணும்."

"குடத்தைத் தள்ளக்கூடாது. வரிசையில வச்சிட்டுக் காத்திருக்கணும்."

"காத்திண்டிருக்கறதுக்கு யாராவது விளையாடுவாளா?"

"சும்மா இல்லை. காத்திருக்கிறப்போ குரங்கு வரும், பன்னி வரும். வரிசையைக் கலைக்கும். நாம விரட்டணும், உருண்ட குடத்தை அதே இடத்தில திருப்பி வைக்கணும். எது யாருதுன்னு அடையாளம் ஞாபகம் வச்சுக்கணும். இடம் மாத்தி வச்சா, காலிக் குடத்தை எடுத்து ஓரங்கட்டினா, ஊர்க்காரங்க வந்து நம்ம குடத்தைக் கடைசிக்குக் கொண்டுபோயிருவாங்க. ஒழுங்கா நின்னா தண்ணி வரும். ஒவ்வொரு குடமா நெறையும், ஆளு வந்து எடுத்திட்டுப் போவாங்க. கடைசியில நம்ம முறை. நம்ம குடம் நெறைஞ்சா கதவு திறக்கும்."

பவ்யா வேலையைக் கணக்குப் போட்டாள். "ஏழு ஆள் வரையணும்," என்றாள். "சரி, போட்டோ அனுப்பு. ஆனா முடியல்லைன்னா பழசையே அனுப்பறோம், கேட்டயா?"

"பழசை நான் அனுப்ப மாட்டேன்."

எங்கள் லயத்து ஆட்கள் ஆறு பேரின் படத்தை அன்றைக்கே அனுப்பினேன். ஏழாவது, அம்மாவின் சிவப்புத் துணிக் குடம். அம்மாவின் படம் என் போனில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அனுப்பலாம் என்று மூடி வைத்தேன். வியாழக்கிழமை பவ்யா இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அப்புறம் என்றேன். அனுப்பினால் அம்மா திரையில் வந்து நடப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு ஏதாவது ஓர் உருவத்தை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குரங்கும் பன்றியும் உயிரை வாங்கியதில் அதை மறந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மைனி வேலை முடிந்து வந்தாள். கால் கழுவின ஈரம் காயவில்லை, உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை நான் வாயில் துப்பட்டாவை வைத்துக் கடித்துக்கொண்டேன்.

குடத்தைக் கடைசியில் வைத்தாள். குரங்குக் கூட்டத்தைக் கத்தியின் பிடியால் விரட்டினாள். உருண்ட மூன்று குடங்களையும் பார்த்த மாத்திரத்தில் அதனதன் இடத்தில் வைத்தாள். குழாயில் தண்ணீர் வந்தது. முதல் குடம் நிறைந்தது, ஆள் வந்தது, எடுத்துக்கொண்டு போனது. இரண்டு, மூன்று, ஆறு வரைக்கும் அப்படியே. ஏழாவது நிறைந்தது. ஆள் வரவில்லை. தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. வரிசை நகரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாவது குடத்துக்கு நான் ஆளே வைக்கவில்லை. மணி நாலே முக்கால். கன்ட்ரோலரை வாங்கக் கையை நீட்டினேன். மைனி என் கையைத் தட்டிவிட்டாள்.

தன் குடத்தைத் தொடவில்லை. சிவப்புத் துணிக் குடத்தைத் தூக்கினாள். காலிக் குடத்தை எடுக்கத்தான் தடை எழுதியிருந்தேன். பிறத்தியாருடைய நிறைகுடத்தை ஒருத்தி தூக்குவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். லயத்துக்குப் போனாள். ஏழாவது கதவில் பவ்யா சும்மா அழகுக்கு ஒரு சிவப்புத் துணியை மாட்டி வைத்திருந்தாள். அந்த வாசலில் குடத்தை இறக்கினாள்.

அங்கே நான் எதுவும் எழுதவில்லை. எதுவும் நடக்கவும் இல்லை. அவள் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏன் தொறக்கல?" என்றாள் மைனி. "அத்தை எப்பவும் தொறந்து வாங்குவாங்களே."

"எப்ப மைனி?"

"கடைசி ஒரு வருசமும் நான்தான கொண்டு வச்சேன். கொழாய் வரைக்கும் நடக்க முடியாமப் போச்சுல்லா. குடத்த மட்டும் காலையிலேயே எங்கிட்ட குடுத்து வரிசையில வைக்கச் சொல்லிருவாங்க. அந்த எடத்த மட்டும் விட மாட்டாங்க."

அந்த ஒரு வருஷம் நான் கஞ்சிக்கோட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன். தண்ணீர் யார் பிடிக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதேன். மைனி குடத்துக்காரியைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். குழாயடியில் இப்போது அவள் முறை. குடம் நிறைந்தது, பெரிய கதவு திறந்தது.

பவ்யா போனில் பதறினாள். "நாழியாச்சு. ஏழாவதுக்கு ஏதாவது ஒரு ஆளைப் போட்டு அனுப்புடி."

"ஆள் வேண்டாம். அது வரவே வராது. நாமதான் கொண்டு போய் வைக்கணும். வச்சா கதவு திறந்து ஒரு கை வெளியே வரணும். கை மட்டும் வரைஞ்சு குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அம்மாவின் படத்தை அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் கை வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. ஐந்தரைக்குக் கதவோடு சேர்த்துவிட்டேன். மைனி மறுபடியும் குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். கதவு திறந்தது, கை வந்தது, குடத்தை வாங்கியது. மைனி திரையை உற்றுப் பார்த்தாள்.

"வெரல்ல கறை பத்தாது," என்றாள்.

"மைனி, அரை மணி நேரம்கூட இல்ல."

"அத்தை கை இவ்ளோ வெளுப்பா இருக்காது."

பல்லைக் கடித்துக்கொண்டு நானே அந்தக் கையின் படத்தைத் திறந்து, விரல் நுனிகளையும் நகக்கண்களையும் கறுப்பாக்கினேன். மைனி தன் கையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மழையில் இணையம் முக்கி முனகி ஏற்றியது. ஐந்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்து வாரம் கழித்து, என் விடுப்பு முடிய நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. மாலை ஐந்து மணி, லயத்துக் குழாயடியில் மைனியோடு நின்றுகொண்டிருந்தேன். தேர்வாகிவிட்டது. குழுவிலிருந்த ஐந்து பேரும் முதலில் குடத்தைத் தள்ளினார்களாம், ஐந்து பேரும் கடைசிக்குப் போனார்களாம். ஒருவர் ஏழாவது குடத்தின் ஆளுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம். 'இப்படி ஒன்றை நாங்கள் விளையாடியதில்லை' என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

"மைனி, எடுத்திட்டாங்க. நம்ம விளையாட்டை எடுத்திட்டாங்க."

"எடுக்காம?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அதற்குள் குழாயில் ஒரு மஞ்சள் குடம் நிறைந்து வழிந்தது. லயத்துக் கோடி வீட்டு மத்தியாஸ் அண்ணனுடையது. கால் ஒடிந்து கிடக்கிறார். மைனி அதைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனாள்.

நான் போனை அவள் கையில் திணித்துவிட்டு அந்தக் குடத்தை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க நம்ம இடத்தைப் பாத்துக்கோங்க மைனி," என்று சொல்லிவிட்டுக் கோடி வீட்டைப் பார்த்து நடந்தேன்.