டப்பாவில் போடாத போன்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் விஜிக்கு மூன்று வீட்டு வேலை. எட்டாத பொருளாக இருந்த டச் போன் விலை இறங்கி இறங்கி, போன தீபாவளிக்கு அவள் கைக்கும் வந்துவிட்டது. கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரிடமும் இப்போது அதுதான். வாட்ஸப்பில் ஒரு குரூப்பும் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பக்கத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகேசன் நின்றிருந்தார்.

"வேலைக்கு வர்றவங்க வீட்டுக்குள்ள வீடியோ எடுக்கறதா கம்ப்ளெயின்ட். போனை இதுல போட்டுட்டுப் போம்மா."

"நான் எடுத்தனா சார்?"

"பொதுவா சொல்றேன். உங்களுக்கெல்லாம் நெட்டு எதுக்கு?"

"உங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

காலேஜுக்கு ரயிலில் போகும் மகள் மதிவதனி, 'ஏறிட்டேன்', 'இறங்கிட்டேன்' என்று அனுப்புவாள். அதைப் பார்க்காமல் விஜிக்கு வேலை ஓடாது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். எழுத வராது, பேசியே குரூப்பில் அனுப்பினாள்.

"நாளிக்கி யாரும் உள்ள போவாதீங்க. கேட்டாண்ட வந்து குந்துங்க. போன் கையில இருக்கட்டும்."

முனியம்மா உடனே கூப்பிட்டாள். எல்லோருக்கும் மூத்தவள், பயந்தவள். "வேல பூட்டா இன்னாடி பண்றது?"

"ஆவடி பூரா அபார்ட்மென்ட்தான்க்கா. இது இல்லாங்காட்டி வேற ஊடு."

மறுநாள் காலை மதில் ஓரம் முழுக்கப் பெண்கள். முனியம்மாவும் வந்திருந்தாள். அழகேசன் முகம் சிவந்தார்.

"எல்லாரையும் மாத்திடுவேன்."

"மாத்துங்க சார். புச்சா வர்றவ கையிலயும் போன் கீது. அவளையும் குரூப்ல சேத்துக்குவோம்."

சிரிப்பு எழுந்தது. அதற்குள், விஜி வேலை பார்க்கும் இரண்டாம் மாடி வீட்டு ராஜகுமாரி கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

"சார், ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங். டப்பாவை எடுங்க. இல்லன்னா குழந்தையை நீங்க பாத்துக்கங்க."

பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அழகேசன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். போகிறபோது விஜியிடம், "எங்க வீட்டுக்கு நீ இனிமே வர வேணாம்" என்றார். அவள் வேலை பார்த்த மூன்று வீடுகளில் அவருடையதும் ஒன்று.

"செரி சார்" என்று சொல்லிவிட்டு விஜி, ராஜகுமாரி வீட்டுக்குப் படியேறினாள். தலை குனியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கேட்டருகே கூடியிருந்தபோது அழகேசன் வீட்டம்மா, வேலைக்கு வரச்சொல்லி முனியம்மாவுக்குப் போன் போட்டார். முனியம்மா எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"விஜியக் கூப்புடுங்கம்மா. அவ ஊடு அது. நான் வர மாட்டேன்."