செண்பகவடிவின் இடது மேலறையில் ஒருவர்

செண்பகவடிவின் இதயத்துக்கு ஆஸ்பத்திரியில் தனி வாசல் வைத்திருந்தார்கள். இதயத்துக்குள் குழாய் விடும் நாளில் எல்லோருக்கும் அப்படித்தான். செருப்பை வெளியே விட வேண்டும்.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. ஆறு மாதமாக அவள் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, தப்பாகத் துடிக்கிற இடத்தைச் சுட்டுச் சரிசெய்வார்களாம். துணைக்கு நான் போனேன். அவள் கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள்.

பெயர் பதியும் சன்னலுக்குப் பின்னால் ஒரு முழங்கை உட்கார்ந்திருந்தது. அடையாள அட்டை மாட்டியிருந்தது.

“ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய விடாம சாப்பிட்டீங்களா?”

“ஒரு நாள் கூட விடல” என்றாள் செண்பகவடிவு.

முழங்கை சீல் குத்தியது.

“ஆறு நாள் விட்டுருக்கா” என்றேன் நான். “சஷ்டி விரதம். மாத்திரையும் சாப்பாட்டுக் கணக்குன்னு விட்டுட்டா. எங்க அடுப்படி சன்னல்ல நின்னா இவ மாத்திரை டப்பா தெரியும்.”

“மைனி, ஒங்களுக்கு வேற சோலி இல்லயா?”

“இல்ல.”

மாத்திரையை விட்டால் இதயத்தின் மூலையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். குழாய் இடித்தால் அந்தக் கட்டி மூளைக்குக் கிளம்பிவிடும். கை கால் ஒரு பக்கம் வராது. பேச்சும் போகும். அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவது?

“மொதல்ல உள்ள கட்டி இருக்கான்னு பாருங்க” என்றேன்.

“சீல் குத்தியாச்சு. இனிமே கட்டி இருக்கக் கூடாது” என்றது முழங்கை.

நடைவழி நீள ஆரம்பித்தது. அவள் படுத்திருந்த தள்ளுவண்டி தூரத்தில் தீப்பெட்டி அளவானது. நான் களைத்துவிடுவேன் என்று நினைத்தார்கள். மூன்றாம் வீட்டுச் சங்கதி ஒன்றை விசாரிக்கப் பேட்டை வரை நடந்தவள் நான். நடந்தேன். செருப்போடு இதயத்துக்குள் நுழைந்தேன்.

இடது மேலறை. அதன் ஓரத்தில் காது மாதிரி ஒரு சின்ன உள்ளறை. அங்கே ஒரு ரத்தக் கட்டி, இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் பெட்டியுமாக உட்கார்ந்திருந்தது.

“எங்க கிளம்பிட்டீரு?”

“மூளைக்கு. குழாய் வந்து தட்டுனதும் கிளம்பணும்.”

“இங்க எப்ப வந்தீரு?”

“சஷ்டியில.”

“சத்தமாச் சொல்லும்.”

சொன்னது. வெளியே டாக்டரம்மா கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“இன்னைக்கு வேண்டாம். மூணு வாரம் மாத்திரை கொடுங்க. அப்புறம் தொண்டை வழியா படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் குழாய் விடணும்.”

“அப்ப நான் குத்துன சீலு?” என்றது முழங்கை.



செண்பகவடிவு என்னைத் திட்டத் தொடங்கினாள். என் மூன்று தலைமுறையையும் இழுத்தாள். ஒரு சொல் குழறவில்லை.

வெளியே வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“மூணு வாரம் இருக்கு. ஒமக்குச் சொந்த ஊரு எது? பொண்டாட்டி வீடு எங்க?”

கட்டி ஓரத்தில் கொஞ்சம் கரைந்தது.