தடிக்காத துளி

அலர்ஜிச் சோதனைக்காகக் கஜானியின் இடக்கை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிறு துளிகள். தூசு, கரப்பான், பூனைமயிர், இறால், நண்டு. கடைசித் துளி என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஊசிமுனை பட்டது. நோகவில்லை.

சொறியாமல் கால் மணித்தியாலம் இருக்கச் சொல்லிவிட்டு டொக்டர் பத்மாசினி அடுத்த அறைக்குப் போனார்.

யன்னலுக்கு வெளியே யாழ்ப்பாணத்து வெயில் வெள்ளையாக நின்றது. பஸ் நிலையத்துச் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் வந்தது. பார்க்கப் பார்க்கக் கை நீண்டது. அலையில்லாத ஒரு கரை. துளி ஒவ்வொன்றிலும் ஒரு யன்னல் மிதந்தது.

நண்டுக் கம்பனியில் அவளுக்குச் சதை எடுக்கும் வேலை. அவித்த நண்டின் ஆவிக்குள், எதிரே இருந்து சதை எடுக்கும் செல்வநாயகியின் முகம் வந்து வந்து மறையும். குரல் மறையாது. யாருடைய புருஷனுக்கு என்ன குறட்டை என்று பகிடி வரும். கணவன் இறந்த பிறகு கஜானி வாய்விட்டுச் சிரித்தது அந்த மேசையில்தான். வீட்டில் வானொலி மட்டுமே கதைக்கும்.

மூச்சு இழுப்பும் அங்கேதான் தொடங்கியது. சந்நிதித் திருவிழாவுக்கு லீவு எடுத்த நாட்களில் மூச்சு லேசாக இருந்தது. முருகன் தந்தது என்று கற்பூரச்சட்டி எடுத்தாள். வேலைக்குத் திரும்பிய அன்றே இழுப்பும் திரும்பியது. நேர்த்திக்கடனில் ஏதோ குறை என்று நினைத்தாள். லீவு நாட்களில் எப்படி என்று டொக்டர் கேட்டபோது, எல்லா நாளும் ஒரே மாதிரி என்றாள்.

சோதனைக்கு முந்திய கிழமை அலர்ஜிக் குளிசை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நேற்று செல்வநாயகி ஒன்றைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைப் போட்டிட்டுப் போடி. பிறகு உந்தக் கை நண்டைக் காட்டிக் குடுக்காது."

காலையில் அதை விழுங்கிவிட்டுத்தான் கஜானி பஸ் ஏறினாள்.

டொக்டர் வந்து துளிகளை ஒற்றி எடுத்தார். தோல் எங்கும் தடிக்கவில்லை. கஜானி கையை இழுக்கப் பார்த்தாள். டொக்டர் விடவில்லை. கடைசித் துளி இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"உது ஆருக்கும் தடிக்கிற மருந்து. தடிக்க வேணுமெண்டுதான் வைக்கிறது. உங்களுக்கு அதுவும் தடிக்கேல்லை."

கஜானி கையையே பார்த்தாள்.

"குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

டொக்டர் ஏசவில்லை. ஏனென்று மட்டும் கேட்டார்.

"நண்டெண்டு நீங்கள் சொன்னா, நான் எங்கை போறது டொக்டர்?"

இழுப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கும் பம்பை மட்டும் பாவிக்கச் சொன்னார் டொக்டர். குளிசை போடாமல் அடுத்த கிழமை வரச் சொன்னார்.

அடுத்த நாள் கஜானி குளிசை போடவில்லை. கம்பனி மேசையில் செல்வநாயகி தன் சம்பந்தியைப் பற்றித் தொடங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். கஜானியும் வாயைத் திறந்தாள். சிரிப்புக்கு முன்னே நெஞ்சுக்குள்ளிருந்து விசில் வந்தது.

எழுந்து வாசலுக்குப் போனாள். பம்பை இழுத்தாள். ஒரு காலை வெளியே வைத்து நின்றாள். கடற்காற்று. மூச்சு மெல்ல இறங்கியது. உள்ளே யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.