மறுபடி கழுவிய குடுவைகள்

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் படிகக்காரர் தம் மனைவியிடம் வாங்கிய ஒரே நல்ல பெயர் பாத்திரம் கழுவுவதில்தான். வீட்டில் வாங்கியது போதாதென்று ஆராய்ச்சிக்கூடத்திலும் வாங்கப் போனார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

இருவருக்கும் ஒரே கட்டடம், அடுத்தடுத்த அறை. அவர் தாது உப்பைத் தண்ணீரில் கரைத்து, படிகம் வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று அளப்பவர். தண்ணீர் இல்லாவிட்டால் மனிதருக்குப் பிழைப்பே இல்லை. அவள் செய்வதோ வாயுவைப் பிளாஸ்டிக்காக மாற்றும் வினையூக்கியான வெள்ளைத் தூள். துளி ஈரம் பட்டால் அது செத்தது. ஆகவே தூள் செய்யும் குடுவைகளைக் கழுவி, நாலு மணி நேரம் ஓவனில் காயவைத்து, அலமாரியில் வைத்து, பூட்டாமல் மூடிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுவாள்.

மூன்று வாரமாகத் தூள் வேலை செய்யவில்லை. உள்ளே போன வாயு வாயுவாகவே திரும்பியது. ரசாயனத்தை மாற்றினாள், சிலிண்டரை மாற்றினாள், சிலிண்டர் கொண்டுவருபவரோடு சண்டையும் போட்டாள். கடைசியில் இயக்குநர் கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பிளாஸ்டிக் வராவிட்டால் வேலையை மூடிவிட்டு, அறையைப் படிகப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிடும்போது அவள் கண் கலங்கிவிட்டது. "எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சுங்க. குடுவை ஒண்ணுதான் பாக்கி. அதை நானே காயவெச்சு வெக்கிறேன், வேற யாரும் தொடறதில்ல."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். தினமும் அவள் போனபிறகு அந்தக் குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரல் ரேகை தெரிகிறதென்று, மூன்று முறை வடித்த சுத்த நீரில் மறுபடி கழுவித் துடைத்து வைத்தது அவர்தான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. கண்ணுக்குக் காய்ந்தால் காய்ந்ததுதான் என்பது படிகக்காரர்கள் கணக்கு. "நீ சரியாக் கழுவல" என்று ஒருமுறை சொல்லி இரண்டு நாள் பேச்சு நின்றதால், ரகசியமாகவே செய்தார்.

வாயைத் திறக்காவிட்டால் அறை அவருக்கு. நாளைக்கான குடுவைகளையும் நேற்றே கழுவியாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார், மனசு கேட்கவில்லை.

"நான் தொட்டேன்மா."

"எப்ப?"

"தினமும்."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் அத்தனை குடுவையையும் ஓவனில் அடுக்கினாள். அவர் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றார். உள்ளே போக அவருக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை காலை, காய்ந்த குடுவையில் செய்த புதுத் தூளோடு வாயு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மூடியைத் திறந்தால் கலம் நிறைய வெள்ளைவெளேரென்று பிளாஸ்டிக். இயக்குநர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"மூணு வாரமா என்னதாம்மா கோளாறு?"

"குடுவையில ஈரம் சார். எனக்குத் தெரியாம ஒருத்தர் கழுவி வெச்சிருக்கார்."

"யாரது? முதல்ல அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்துங்க."

பக்கத்தில் நின்ற படிகக்காரருக்குக் காது சிவந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நிறுத்த முடியாது சார். சாயங்காலம் என் வீட்டு வேலையும் அவர்தான் செய்யணும்."