ஃப்ளோரன்ஸுக்கு மேலே போன ரோடு

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுங்களா. பிறகு தைரியம் வராது. ராயபுரத்தில் என் எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸின் வாசல் தடுப்பில் இன்னும் ஒரு வரி செங்கல் வைக்கச் சொன்னவள் நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எழுபத்து மூன்று வயது ஃப்ளோரன்ஸுக்கு மூட்டுவலி, அதனால் அவள் வீட்டைவிட்டு

அடித்துவிட்டேன். மூட்டுவலி அவளுக்கு இருபது வருடமாக இருக்கிறது. அதோடுதான் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள்.

இரண்டாவது: ‘மகன் ஆண்ட்ரூ தாயைக் கவனிப்பதில்லை

இதையும் அடித்தேன். ஹார்பர் வேலைக்குப் போகுமுன் அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போகிற பிள்ளை. (கெட்டவன் ஒருவன் கிடைத்தால் எழுதுவது சுலபம். அதற்காக இவனையா பலி கொடுப்பது?)

வீடு வீடாக வந்த நர்ஸம்மா காகிதத்தில் எழுதினாள்: வயது, எடை, சர்க்கரை, விழுந்துவிடும் பயம். தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னாள். வாசலைத் தாண்ட முடியுமா என்று கேட்க அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

தெருவில் எல்லோரும் ‘கெழவிக்கு வயசாயிடுச்சு’ என்கிறார்கள். சொல்கிற வாயில் தாரைக் காய்ச்சி ஊற்ற வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

3

நடந்தது இதுதான். எங்கள் தெருவில் மூன்று முறை ரோடு போட்டார்கள். மூன்று முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டினார்கள். ரோடு ஏற ஏற அவள் வீடு பள்ளமானது. மழைக்குச் சாக்கடை உள்ளே வந்தது. ஆண்ட்ரூ ஒவ்வொரு முறையும் தடுப்பை உயர்த்தினான். கடைசியாக, போதுமா என்று அவன் கேட்டபோதுதான் நான் வாயைத் திறந்தேன். [என் வீடு மேடு. எனக்கென்ன?]

ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தத் தடுப்பு ஒரு சாண். உள்ளேயிருந்து தொடை உயரம். உள்ளே படி கட்டினால் கதவு திறக்காது. ஸ்டூல் போட்டு ஏறினாள். ஒருநாள் அது சரிந்தது. பத்து மாதமாக அவள் வெளியே வரவில்லை.

போன மாதம் அவள் தங்கை ஜூடி இறந்தாள். அக்கா பார்க்கட்டுமென்று சவ வண்டியை வாசலில் நிறுத்தினார்கள். பள்ளத்தில் இருந்தவளுக்குப் பெட்டியின் பக்கப்பலகைதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. வெயில் ஏறுகிறதென்று வண்டியை எடுத்துவிட்டார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் அவளைத் தூக்கிவிடத் தோன்றவில்லை. நானும் அங்கேதான் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ரோடு போட்டவர்கள் திரும்பி வந்து சுரண்டுகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்து கிழித்துவிட்டேன்.

ஆண்ட்ரூ தடுப்பை உடைக்கிறான். ஐப்பசியில் அவள் கட்டில் மிதக்கும்.

மூன்றாவதில் அவள் உள்ளேயே இறந்துபோகிறாள். எழுதி, அவளுக்கே படித்துக் காட்டினேன். வந்ததே கோபம்.

“என்னிய சாவடிச்சு கதைய முடிக்காதடி. செத்தா தூக்கினு போக நாலு பேர் வருவான்ல? அவனுங்கள இப்பவே வரச் சொல்லு.”

5

ஆகவே முடிவு என் கையில் இல்லை. இன்று காலை ஆறரைக்கு ஜூடியின் முப்பதாம் நாள் பூசை. மாதா கோயில் நாலு தெரு தள்ளி. ரோட்டில் ஏறிவிட்டால் நடந்துவிடுவேன் என்கிறாள். ஐந்து மணிக்கே புடவை கட்டித் தயாராகிவிட்டாள். ஆண்ட்ரூ உள்ளே நின்று இடுப்பைத் தாங்குகிறான். நான் ரோட்டில் மண்டியிட்டு அவள் இடது கையைப் பிடித்திருக்கிறேன். என் பலம் போதவில்லை. வலது கையை அவள் நீட்டிக்கொண்டே இருக்கிறாள். கண்ணுங்களா, இதுவரை படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள். குனிந்து பிடியுங்கள்.

ஃப்ளோரன்ஸ் மூச்சை இழுத்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி