சோற்றில் எருமைக்கடா

...எருமைக்கடா எங்கிருந்து வந்தது, அதுவும் செரிமானப் பாடத்தில், நளினி திரையை மறுபடி பார்த்தாள், பேசப் பேசத் தானே எழுதும் கம்ப்யூட்டர், சோறு என்று சரியாக எழுதிவிட்டு அடுத்த வார்த்தை மட்டும் தெலுங்கில் நிற்கிறது, துன்ன, எருமைக்கடா. பக்கத்தில் காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பத்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன, ஆனால் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டினால் காது பிடித்துவிடும், "சோறு துன்னான்னு சொன்னேன் மேடம், அது தெலுங்குன்னு நெனச்சிக்கிச்சி"... ஆந்திர எல்லை, சத்தியவேட்டுப் பிள்ளைகள் தமிழையும் தெலுங்கையும் கலந்து பேசுமே என்று இரண்டு பாஷையையும் இதில் போட்டு வைத்தது யார், நானேதான், பெரிய கெட்டிக்காரி. தமிழை மட்டும் வைத்தும் பார்த்தாயிற்று, அப்போது துன்னா தொண்ணூறு ஆனது. திங்கட்கிழமை திருப்பதியிலிருந்து அதிகாரி வருகிறார், இவள் சொல்லச் சொல்ல இது ஒழுங்காக எழுதினால்தான் பரீட்சைக்குக் கம்ப்யூட்டர், இல்லாவிட்டால் கிடையாது, இவள் அப்பா முனிரத்தினம் வேறு பள்ளி வாசலருகே நின்று சொல்லிவிட்டுப் போனார், "இந்த மிஷினும் ஆவலன்னா உட்ருங்க மேடம், பொண்ணு ஊட்லயே இருக்கட்டும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை மனிதர், அதுதான் பயமாக இருந்தது.

சரி, மிஷினைத் திருத்த முடியாது, பிள்ளையைத் திருத்தலாம், துன்னா வேண்டாம்மா, சாப்பிட்டால், வவுறு இல்லை, வயிறு, ஆவுது இல்லை, ஆகிறது... காஞ்சனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், நல்ல பெண். நாம், என்றாள் மைக்கைப் பார்த்து, சாப்பிட்டால், என்றாள், திரையில் இரண்டும் அச்சடித்த மாதிரி விழுந்தன, ஒற்றுகூடத் தப்பவில்லை, நளினிக்குக் கைதட்டலாம் போலிருந்தது. அப்புறம்? அப்புறம் ஒன்றும் வரவில்லை. சற்று முன்னால் ஒரே மூச்சில் சொன்னாளே, மென்னுக்கினே இருந்தா வெறும் சோறே இனிக்கும் மேடம், அது எச்சிலு பண்ற வேல என்று, புத்தகம்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. "இனிக்கும்னு சொன்னியே, அதச் சொல்லும்மா." காஞ்சனா உதட்டை அசைத்துப் பார்த்தாள், நிறுத்தினாள், "அத எப்டி மேடம் சொல்றது?" அவள் ஆள்காட்டி விரல் மேசைமேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, வாசிக்கச் சொன்னால் வரிக்குக் கீழே வைத்துத் தடவிக்கொண்டே போவாளே, அதே மாதிரி, ஆனால் மேசையில் புத்தகம் எதுவும் இல்லை. பேசும்போது அந்த விரல் அசைந்து நளினி பார்த்ததே இல்லை.