சிவப்புப் பூட்டு

மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, அதன் கைப்பிடியில் இருக்கும் துளையில் என் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேனல் கதவைத் திறந்து வைத்து நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தை நிறுத்தினாலும் பேனலுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி, அது உடனே கிளம்பிவிடாது. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தில் போட்டிருப்பதை இந்தத் தொழிற்சாலையில் செய்கிற ஒரே ஆள் நான்தான். அதற்காக எனக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, "அஞ்சு நிமிஷம் வந்துட்டாரு, டீ ஆறட்டும்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினெட்டு வருடத்தில் நான் ஒரு கார்டைக்கூட எரித்ததில்லை. சிரிக்கிறவர்கள் எரித்திருக்கிறார்கள்.

அன்று மாட்ட வேண்டியதும் ஒரு கார்டுதான். உள்ளங்கை அளவு மின்னணுப் பலகை. எங்களுடையது சோப்புத்தூள் செய்கிற இடம். ஒரு லாரியின் பின்பாகம் அளவுக்குப் பெரிய கலவைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடுகள் சுழன்று தூளைக் கலக்கும். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று பச்சைப் பட்டனை அமுக்கித்தான் அதை ஓட்டினோம். இந்தக் கார்டை மாட்டிவிட்டால் மாடியில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டே, கம்ப்யூட்டர் திரையில் தட்டி ஓட்டலாம். மேடத்துக்கு ரொம்ப நாள் ஆசை. மேடம் என்றால் எங்கள் பொறியாளர். எனக்கு மேலே, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை, உற்பத்தி இல்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வாக்கி டாக்கியோடு மாடிக்குப் போயிருந்தார்.

மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதன் கம்பியைப் பேனலின் எர்த்தில் மாட்டினேன். உடம்பில் இருக்கிற சின்ன மின்னூட்டம்கூடக் கார்டைக் கெடுத்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். கார்டை உறையிலிருந்து எடுத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் பக்கவாட்டில் கடுகளவு சின்ன டயல் ஒன்று உண்டு. அதைச் சின்னத் திருப்புளியால் திருப்பி ஏழில் வைக்க வேண்டும். ஏழு என்பது அந்தக் கார்டின் விலாசம். மாடியிலிருந்து வருகிற கட்டளை ஏழாம் எண்ணைத் தேடித்தான் வரும். உள்ளே செருகிவிட்டால் டயல் மறைந்துவிடும் என்பதால் இதை முதலில் செய்ய வேண்டும். திருப்புளியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் பல்லி வந்து அறைக் கதவோரம் தலையை நீட்டினான்.

"மாமா, பூட்டு போட்டாச்சா?"

பல்லி என் மனைவியின் தம்பி. தொழிற்சாலையில் ஃபிட்டர். எந்த இடுக்கிலும் நுழைந்து ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். அம்மா அப்பா இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு ஒன்பது வயது. கட்டில், பீரோவோடு அவனும் வந்தான் என்று நான் கிண்டல் செய்வேன், "நான்தான் அதுல உருப்படி" என்று அவன் திருப்பிக் கொடுப்பான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டுங்க, எனக்கு அது போதும்" என்று என் மனைவி அன்றைக்குச் சொன்னாள்.

"போட்டாச்சு போட்டாச்சு, போ மச்சான், தொணதொணக்காத" என்றேன். "சரி" என்று போய்விட்டான். நான் கார்டைச் செருகி, மேலும் கீழும் இரண்டு திருகையும் முடுக்கி, கேபிளை மாட்டினேன். கிளிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

பூட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. பூட்டோடு ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் அவரவர் போட்டோ. இயந்திரத்தில் கை வைக்கிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் கழற்றுகிற வரைக்கும் சுவிட்ச் மேலே ஏறாது. எளிமையான கணக்கு, குழந்தைக்கும் புரியும். ஆனால் பல்லியின் பூட்டு எட்டு மாதமாக எங்கள் வீட்டுப் பின்கதவில் தொங்குகிறது. பழைய பூட்டு துருப்பிடித்து உடைந்த அன்று, "இதைப் போடுங்க மாமா, யானை வந்தாலும் உடையாது" என்று அவன்தான் கழற்றிக் கொடுத்தான். நானும் வாங்கி மாட்டினேன். நாளைக்கே வேறு வாங்கிவிடலாம் என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. "உனக்கு வேணாமா?" என்று கேட்டதற்கு, "உங்க பூட்டு தொங்குதுல்ல, அது போதாதா? ஒரே வீடு, ஒரே பூட்டு" என்றான். நன்றாக இருக்கிறது என்று நான் சிரித்தேன். ஊருக்கெல்லாம் ஐந்து நிமிடம் உபதேசம் செய்கிற நான், சிரித்தேன்.

வேலை முடிந்தது. பட்டையைக் கழற்றினேன், கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்தேன். சுவிட்சைப் பார்த்தேன். ஒரே ஒரு பூட்டு, என்னுடையது. ஒரு பூட்டு என்றால் ஒரு ஆள். அந்த ஆள் இங்கே நிற்கிறேன். திறந்தேன். கைப்பிடியை மேலே தள்ளினேன். பேனல் உயிர் பெற்றது. எல்லா விளக்கும் பச்சை, புதுக் கார்டில் மட்டும் சிவப்பு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஒண்ணும் தெரியலையே" என்றார் மேடம் வாக்கி டாக்கியில்.

கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். சிவப்புத்தான். எனக்குக் கோபம் வந்தது. புதுப் பொருள், உறை பிரித்து அரை மணி நேரம் ஆகவில்லை. சில கார்டுகள் முதல் கட்டளை வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும் என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகம். "மேடம், ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்க" என்றேன்.

"கொடுத்துட்டேன். ஓடுதா?"

"இல்ல மேடம். இன்னொரு தடவை கொடுங்க."

"கொடுத்தாச்சு."

"கொடுங்க மேடம், சும்மா கொடுங்க, விடாதீங்க" என்று கத்தினேன். என்னவோ நான் சொன்னால் கார்டு கேட்டுக்கொள்ளும் என்கிற மாதிரி. மூன்றாவது தடவையும் அவர் அமுக்கினார். தொட்டி அசையவில்லை. சனியன் என்று கார்டைத் திட்டிவிட்டு, தொட்டிப் பக்கம் ஏதாவது கம்பி கழன்றிருக்கிறதா பார்க்கலாம் என்று பேனல் அறையிலிருந்து வெளியே வந்தேன். தொட்டி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பேனலிலிருந்து தெரியாது.

தொட்டியின் பின்புறத்துச் சின்னக் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது ஷூவின் அடிப்பகுதியில் நீல நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போன வாரம் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்.

கால்கள் அசைந்தன. பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து இடுப்பு வந்தது, முதுகு வந்தது, ஒரு கையில் சுரண்டியோடு பல்லி முழுசாக வெளியே வந்தான். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள். இரண்டு தும்மல் போட்டான்.

"தகட்டுல எவ்ளோ கெட்டி தட்டிப் போயிருக்கு தெரியுமா மாமா? கல்லு மாதிரி. ஆமா, யாரை அப்படிக் கொடுங்க கொடுங்கன்னு கத்துனீங்க? கல்யாணத்துல மொய் கேக்குற மாதிரி இருந்துச்சு."

நான் பேனல் அறைக்கு ஓடினேன். சுவிட்சை இறக்கினேன். மூன்றாவது முயற்சியில்தான் பூட்டைத் துளையில் மாட்டினேன். மேல் மூடியைத் திறந்தால் அந்தத் தொட்டி ஓடாது, அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. பின்பக்கத்துச் சின்னக் கதவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே இருக்கிற ஒரே பாதுகாப்பு சுவிட்சில் தொங்குகிற பூட்டுத்தான். அதைக் கழற்றியவன் நான். மூன்று தடவை ஓட்டச் சொன்னவனும் நான்.

பிறகு கார்டை வெளியே எடுத்தேன். ஐந்து நிமிடம் காத்தேனா என்று எனக்கு நினைவில்லை. டயலைப் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது. ஏழில் இல்லை. திருப்புளியைக் கையில் எடுத்த நேரத்தில் அவன் வந்து, பூட்டு போட்டாச்சா என்று கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொன்னேன், டயலை மறந்தேன். உள்ளே போகலாமா என்று அவன் என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறான். அது எனக்கு உறைக்கவே இல்லை. மாடியிலிருந்து மூன்று தடவையும் கட்டளை வந்திருக்கிறது, ஏழாம் எண்ணைத் தேடியிருக்கிறது, ஏழு என்று யாரும் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. பதினெட்டு வருடத்தில் நான் டயலை மறந்தது அந்த ஒரு நாள்தான். மறக்காமல் இருந்திருந்தால்? தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் இறங்கி வந்தார். பல்லியைப் பார்த்தார், திறந்திருந்த சின்னக் கதவைப் பார்த்தார், அவன் கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தார். தன் வலது கை விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். அமுக்கிய விரல். பிறகு பல்லியிடம் கேட்டார்.

"உங்க பூட்டு எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பல்லி சொன்னான். "தொலைஞ்சு போச்சு மேடம். தப்புத்தான்."

"எப்போ?"

"நாளாச்சு மேடம். சொல்ல பயமா இருந்துச்சு."

"நான் இதை எழுதியாகணும். நாளைக்கு நீங்க உள்ள வர வேணாம். விசாரணை முடியட்டும். வேலை இருக்குமா இருக்காதான்னு என் கையில இல்ல." பல்லி தலையாட்டினான். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான், பேசாதீர்கள் என்று. நான் பேசவில்லை. பேச முடியாமல்தான் பேசவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. பதினெட்டு வருடத்து நல்ல பெயர் என் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்டருகே வாட்ச்மேன், "விடுப்பா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடிக்கப் பார்த்தது. பல்லி இன்னும் வரவில்லை. வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிவிட்டான். என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கொல்லையில துணி காயுது. பின்கதவைத் தொறந்து எடுத்துப் போடுங்க, என் கை மாவா இருக்கு."

சாவி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். எட்டு மாதமாகத் தினமும் திறந்து மூடுகிற பூட்டு. அதில் தொங்குகிற அட்டை வெயிலில் வெளுத்துவிட்டது. போட்டோவில் பல்லி தலையை எண்ணெய் வைத்து வாரி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முறைப்போடு இருந்தான். கீழே எழுதியிருந்ததை இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. ‘நான் உள்ளே வேலை செய்கிறேன். என்னைத் தவிர வேறு யாரும் இந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது. என் உயிர் இதில் இருக்கிறது.’

சாவியைத் துவாரம்வரை கொண்டுபோனேன். நுழைக்க முடியவில்லை.

முதல் துளிகள் விழுந்தன. "என்னங்க, துணி நனையுது!" என்றாள். பிறகு அவளே மாவுக் கையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு? ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"அவன் வரட்டும்."

"பூட்டைத் தொறக்க அவன் எதுக்கு?"

"அவன் வந்து தொறக்கட்டும்" என்றேன். இருபது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. கொடியில் பல்லியின் வேலைச் சட்டை இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நனைவதை ஜன்னல் வழியாக இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தவனிடம் சாவியை நீட்டினேன். "நீயே தொற."

"மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா" என்று சிரித்துக்கொண்டே வாங்கினான். அவன் நகக்கண்ணில் இன்னும் வெள்ளை இருந்தது. பூட்டைத் திறந்து, அட்டையோடு என் கையில் வைத்தான். இரும்பு கனத்தது. நாளைக்கு இதை மேடத்தின் மேஜைமேல் வைப்பேனா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவன் மழைக்குள் ஓடினான், துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டான். அப்போது அவன் தலையில் மிச்சம் இருந்த தூள் நனைந்தது. முடியிலிருந்து நுரை பொங்கி, நெற்றியில் வழிந்து, காதோரம் இறங்கி, கழுத்தெல்லாம் வெள்ளையாகப் பெருகியது. "அக்கா, கண்ணு எரியுது!" என்று கத்தினான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழை கழுவக் கழுவ நுரை வந்துகொண்டே இருந்தது. திறந்த பூட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்வாசற்படியில் நின்றேன்.